வேட்டியில் விழுந்த சிவப்பு

என் கணவருக்குப் பிடித்த வார்த்தை "ஒண்ணுமில்ல". பால் திரிந்த வாசனை வருகிறது என்றால் பாத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஒண்ணுமில்ல" என்பார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் உறுமுகிறது என்றால் அதற்கும் அதே பதில்தான். டிசம்பரில் அந்த ஃபர்னேஸ் நின்றுபோய், இரண்டு பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தோம். அப்போதும் போர்வைக்குள்ளிருந்து, "ஒண்ணுமில்ல அம்பு, காலைல ஆள் வந்துடுவான்" என்று குரல் வந்தது. மோகனசுந்தரம் என்று பெயர் வைத்த மாமனார் கொஞ்சம் பொறுத்திருந்து வைத்திருக்கலாம்.

மான்ட்ரியலில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. நகருக்குள் பார்க்டேலில் ஒற்றை அறையில் இருந்தவர்கள் நகர ஓரத்து மல்வேர்னுக்கு வந்து ஒரு புது டவுன்ஹவுஸில் குடியேறியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் வெறும் வயல், அதற்கப்பால் பனி, அதற்கப்பால் வானம். எனக்கு ஒன்பதாவது மாதம். குழந்தை தலையை மேலேயும் காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு, அப்பனைப் போலவே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. பார்க்டேலில் இருந்தபோது பார்த்த டாக்டர்தான் தொடர்ந்து பார்த்துவந்தார். "ஜனவரிக் கடைசி வியாழக்கிழமை வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம். அதற்குள் வலி வந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள். கால் முதலில் இறங்கிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து" என்று சொல்லியிருந்தார்.

அவருடைய ஆஸ்பத்திரி டவுன்டவுனில். பார்க்டேலிலிருந்து டிராமில் போய்விடலாம். மல்வேர்னிலிருந்து கார்தான், அதுவும் ஹைவே வழியாக. ஆகவே என் குழந்தையின் உயிர் வாசலில் நின்ற அந்தப் பழைய பச்சைக் காரில் இருந்தது. அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

கார் எங்கள் கைக்கு வரும்போதே பத்து வயதைத் தாண்டியிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர். என் கணவர் நெய்வேலியில் கம்பெனி ஜீப் ஓட்டியவர். கிளட்ச் இல்லாத வண்டியை இங்கே வந்துதான் பார்த்தார். பார்த்த மறுநாளே அதில் பெரிய நிபுணராகியும்விட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் வேலைக்குக் கிளம்பும்முன் காருக்கு ஆரத்தி சுற்றுவேன். எனக்குப் பக்தி கொஞ்சம்தான், பயம் அதிகம். மஞ்சள் இருந்தது, சுண்ணாம்புக்கு எங்கே போவது? ஆப்பசோடாவைப் போட்டாலும் மஞ்சள் தண்ணீர் நன்றாகச் சிவக்கிறது என்று கண்டுபிடித்திருந்தேன். மூன்று சுற்றுச் சுற்றி, காரின் மூக்குக்கு முன்னால் பனியில் ஊற்றுவேன். "பக்கத்து வீட்டுக்காரன் கோழி அறுத்தோம்னு நெனைக்கப் போறான்" என்று அவர் கேலி செய்வார். ஆனாலும் சுற்றி முடிக்கும் வரை வண்டியைக் கிளப்ப மாட்டார்.

ஜனவரி நடுவில் கார் யோசிக்க ஆரம்பித்தது. காலையில் கியரை மாற்றினால் உடனே நகராது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளினமாதிரி ஒரு குதி குதித்துப் புறப்படும். சிக்னலில் நின்று எடுத்தால் இஞ்சின் வீல் என்று கத்தும், வண்டி மட்டும் மெதுவாகத்தான் போகும்.

"என்னங்க, இது சரியில்ல" என்றேன்.

"குளிர்ல எண்ணெய் கெட்டியாயிடும். ஒண்ணுமில்ல."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குப்பை வைக்கப் போனபோது காருக்கு முன்னால் பனியில் சிவப்பாகப் பார்த்தேன். சின்னச் சின்னப் பொட்டுகள். வெள்ளிக்கிழமை ஊற்றிய ஆரத்தியின்மேல் அதற்குப் பிறகு இரண்டு தடவை பனி விழுந்து மூடிவிட்டது. இது மேலே இருந்தது, புதிதாக இருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக வாசற்படியில் நின்றே பார்த்தார்.

"நீ ஊத்தின ஆரத்திதான்."

"அது வெள்ளிக்கிழமை ஊத்தினது."

"பனி உருகி மேல வந்திருக்கும்."

"இந்தக் குளிர்ல எங்க உருகுது? எறங்கி வந்து பாருங்களேன்."

"வண்டிக்குத் திருஷ்டி கழிக்கறதும் நீ, அந்தக் கறையைப் பாத்து பயப்படறதும் நீ" என்று சிரித்தார். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு பானட்டைத் திறந்தார். கியர் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார். கோடு வரைக்கும் சிவப்பாக எண்ணெய். "பாத்தியா? நெறைய இருக்கு. கொறஞ்சாத்தானே ஒழுகுதுன்னு அர்த்தம்?"

கம்பியில் எண்ணெய் இருந்தது, என் கண்முன்னால்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொட்டுகளும் இருந்தன. அன்று முழுக்க ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. கார் இல்லாத வாசலில் அந்தச் சிவப்பு மட்டும் இருந்தது. சாயங்காலம் புதுப் பனி விழுந்து அதையும் மூடியது. மூடியபிறகு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஆரத்தி சுற்றவில்லை. அவர் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் வந்து வண்டியை நிறுத்தியதும், பெட்டியின் அடியிலிருந்து அவருடைய எட்டு முழ வேட்டியை எடுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து அதற்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. இரண்டாக மடித்து, துடைப்பக் கட்டையால் காருக்கு அடியில் தள்ளி, நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். குனிய முடியாத உடம்பை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் இழுத்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு நேர் கீழே உள்ளங்கையகலத்துக்குச் சிவப்பு. அதிலிருந்து பின்னால் வரிசையாகப் பொட்டுகள். விரலால் தொட்டேன். வழவழவென்றிருந்தது.

வேட்டியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில், அவருடைய காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் போட்டேன்.

"நேத்து ஆரத்தி சுத்தல. இப்ப சொல்லுங்க."

அவர் காப்பியைக் கீழே வைத்தார். வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு சொட்டு. பழைய வண்டின்னா அப்படித்தான். கம்பியில நெறைய இருக்கே அம்பு" என்றார். குரலில் பழைய கம்பீரம் இல்லை, ஆனால் தொட்டுப் பார்க்கவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேட்டியாலேயே அவரை மூடிக் கட்டியிருப்பேன். நேரே போய் ஜாபர் அண்ணனுக்கு டெலிபோன் செய்தேன்.

ஜாபர் அண்ணன் கீழக்கரைக்காரர். பார்க்டேலில் எங்களுக்கு எதிர் அறையில் குடியிருந்தவர், ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்களுக்கு முன்பே கார் வாங்கியவர், எங்களுக்கு முன்பே அதைத் தொலைத்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "சிவப்பா? வழவழன்னா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "தங்கச்சி, நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க விடாதே" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு முன் அவர் தமாஷ் இல்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் ஸ்டேஷன் வரை சப்வே ரயிலும் அப்புறம் பஸ்ஸுமாக வந்து சேர்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல், "சுந்தரம், கம்பிய எப்படிப் பாத்தீங்க?" என்றார்.

"இஞ்சினை நிறுத்திட்டுத்தான். எண்ணெய் அளவு பாக்கறதுன்னா அப்படித்தானே பாய்?"

"இஞ்சின் எண்ணெய்க்கு அப்படி. இது வேற. நிறுத்தினா மேல சுத்திக்கிட்டிருக்கற எண்ணெய் பூரா கீழ எறங்கி, நெறஞ்ச மாதிரி காட்டும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வண்டிய ஓட்டிச் சூடாக்கி, இஞ்சின் ஓடும்போதே பாக்கணும்."

இஞ்சினைப் போட்டுச் சூடாகும் வரை காத்திருந்தார்கள். ஜாபர் அண்ணன் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்தார். நான் வாசற்கதவருகில் நின்றிருந்தேன். கம்பி காய்ந்துபோயிருந்தது. நுனியில் மட்டும் பழுப்பாக ஒரு தீற்றல். அதை மோந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் நீட்டினார். தீய்ந்த வாசனை எனக்கு வரைக்கும் வந்தது.

இந்தத் தடவை என் கணவர் "ஒண்ணுமில்ல" என்றுகூடச் சொல்லவில்லை.

"என் வண்டியும் இதே வியாதியிலதான் போச்சு. எக்ஸ்பிரஸ்வேயில, நடு லேன்ல. இஞ்சின் கத்துது, வண்டி ஒரு அடி நகரல. பின்னால ஒரு லாரி..." என்று ஆரம்பித்த ஜாபர் அண்ணன், நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் அட்டையைப் போட்டுப் படுத்தார். மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பாகத்தை எல்லாம் துடைத்தார். பிறகு வெளியே கையை நீட்டி, "தங்கச்சி, மொகத்துக்குப் போடற பவுடர் இருக்கா?" என்றார். முழு டப்பாவையும் கொடுத்தேன். எண்ணெய் கசிந்தால் நனைந்து காட்டும் என்று, துடைத்த இடமெல்லாம் பவுடரை அடித்தார். என் கணவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை முன்னும் பின்னுமாக மாற்ற, அவர் டார்ச் அடித்துப் பார்த்தபடி கிடந்தார். இஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வெளியே நின்ற அவருடைய பூட்ஸ் நுனிகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க!" என்றார்.

ஒழுகல் ரேடியேட்டருக்குக் கீழே இல்லை. அதற்கு வெகு பின்னால், நான் உட்காரும் சீட்டுக்கு முன்பக்கம். கியர் பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு எண்ணெய் போய்வரும் இரும்புக் குழாய் ஒன்று, சட்டத்தில் ஒரு கொக்கியால் பிடிக்கப்பட்டிருந்தது. ரோட்டில் போடுகிற உப்பு அந்தக் கொக்கிக்குள் தங்கிக் குழாயை அரித்துவிட்டது. கார் முன்பக்கம் சரிந்து நின்றதால் எண்ணெய் குழாயைப் பிடித்துக்கொண்டே ஓடி, நான் ஆரத்தி ஊற்றும் இடத்தில் வந்து சொட்டியிருக்கிறது. நிற்கும்போது சொட்டு. ஓடும்போது, அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கிறது.

"இவ்வளவு நாள் எண்ணெய வீட்டு வாசல்ல சிந்தல சுந்தரம். ரோடு பூரா சிந்திட்டு வந்திருக்கீங்க" என்றார் ஜாபர் அண்ணன்.

புதுக் குழாய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறந்திருக்காது. பெட்ரோல் பங்கில் எண்ணெய் டப்பாக்கள் மட்டும் கிடைத்தன. என் இடுப்பு வலிக்கு வாங்கிய சுடுதண்ணீர்ப் பையைக் கேட்டார் அண்ணன். அதன் ரப்பரை நீளமாக வெட்டி, ஓட்டையின்மேல் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கினார். எண்ணெய் ஊற்றினார்கள். கம்பியில் அளவு சரியாக வந்தது, இஞ்சின் ஓடும்போதே.

"இது தண்ணிக்கு உண்டான ரப்பர். சூடான எண்ணெய்க்கு ரொம்ப நேரம் தாங்காது. நாளைக்குக் குழாய் மாத்தற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்று என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னார். பனி பலமாகும் முன்னே போகவேண்டும் என்று, சாப்பிடக்கூட உட்காராமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வலி வந்தது.

முதல் வலியை முதுகு வலி என்று நினைத்தேன். இரண்டாவது வந்தபோது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வெளியே பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. டாக்ஸி ஆபீஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்றேன்.

"அவன் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவான் அம்பு. அங்க நம்ம டாக்டர் இல்லியே. ஒன் கேஸ் அவருக்குத்தானே தெரியும்? ஓட்டைய அடைச்சாச்சு, எண்ணெய் ஊத்தியாச்சு. அரை மணி நேரம். ஒண்ணுமில்ல."

பழைய வார்த்தை திரும்பி வந்துவிட்டது. ஆனால் எனக்கும் அந்த டாக்டரின் முகம்தான் வேண்டியிருந்தது. சரியென்றேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், என் கணவர் காருக்கு முன்னால் ஒரு டம்ளரோடு நிற்கிறார். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்திருந்தார், மஞ்சளெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கு மூன்று சுற்று, காருக்கு மூன்று சுற்று. பனியில் ஊற்றிவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது. அதைவிட, இவரே பயந்துவிட்டாரே என்று எனக்குப் பயம் இரட்டிப்பானது.

கார் யோசிக்காமல் புறப்பட்டது. மார்க்கம் ரோட்டில் திரும்பும் வரை ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு வலியும் இடுப்பிலிருந்து முட்டி வரை இறங்கிப் போனது. குழந்தையின் கால் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. பிறகு இஞ்சின் ஒரு தடவை, வீல் என்று கத்தியது.

அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மறுபடி மெதுவாக அழுத்தினார்.

ஹைவேக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. தீய்ந்த வாசனை. நான் கதவைத் திறந்து கீழே பார்த்தேன். சிக்னல் வெளிச்சத்தில் பனி முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. குனிந்தபடியே காத்திருந்தேன். பச்சை விழுந்தது. பனி பச்சையானது. நடுவில் ஒரு தட்டகலத்துக்கு மட்டும் கறுப்பாக நின்றது. நான் பார்க்கும்போதே அகலமானது.

"ஒழுகுது. ஓரமா நிறுத்துங்க."

"அது குங்குமத் தண்ணி அம்பு. சக்கரத்துல ஒட்டிட்டு வந்திருக்கும். இன்னும் கொஞ்ச தூரம், ஹைவே ஏறிட்டா—"

"ஏறிட்டா? நடு லேன்ல நின்னுட்டா?" என்று கத்தினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன்னால், ஹைவே பாலத்தின் மேல் லாரிகள் பனியைக் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. "தண்ணின்னா இந்தக் குளிர்ல ஒறஞ்சிருக்கும். எறங்குங்க. எறங்கித் தொட்டுப் பாருங்க. ஒரு தடவையாவது தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க!"

அவர் இறங்கினார். காரைச் சுற்றி வந்து என் காலடியில், பனியில் மண்டியிட்டார். கையுறையைக் கழற்றி விரலை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். சுட்டிருக்க வேண்டும். விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

"எண்ணெய்" என்றார்.

சிக்னலைத் தாண்டி மூலையில் ஒரு பெட்ரோல் பங்கின் விளக்கு தெரிந்தது. அது வரைக்கும் கார் வந்தது. பம்புகளுக்குப் பக்கத்தில் இஞ்சின் வானம் பிளக்கக் கத்த, வண்டி மெல்ல மெல்ல நின்றது. அவர் கியரை எல்லாப் பக்கமும் மாற்றிப் பார்த்தார். ஒரு அடி நகரவில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். பாலத்தின்மேல் லாரிகள் போவதைப் பார்த்தபடி நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியிருந்தால் அங்கேதான் நின்றிருப்போம். அடுத்த வலியில் ஏதோ கீழே அழுத்தியது. அது குதிகாலாக இருக்கக் கூடாதே என்று வாய்விட்டு அழுதேன்.

ஆம்புலன்ஸ் எங்களைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனது. வழியெல்லாம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மணிக்கட்டில் எண்ணெய் நாலு விரலாகச் சிவப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி பதறினாள். எனக்கு விளக்கத் தெம்பில்லை. முகத்தில் எதையோ வைத்து மூடினார்கள். அவ்வளவுதான் நினைவு.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் தெரிந்தது. வயிறு தட்டையாக, தீப்பிடித்த மாதிரி எரிந்தது. தொட்டில் எதுவும் பக்கத்தில் இல்லை. அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பான்ட் முட்டியில் எண்ணெய்க் கறை.

"கொழந்தை?" என்றேன்.

ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்த பயம் அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

"பொண்ணு" என்றார். "மொதல்ல அழவே இல்லியாம். அப்புறம் அழுதுச்சாம். எல்லாம் நல்லா இருக்குன்னு நர்ஸ் சொன்னா. நான் நம்பல. உள்ள விடுன்னு சண்டை போட்டேன்."

கையை விரித்துக் காட்டினார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். நகக்கண்ணில் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது.

"தொட்டுப் பாத்துட்டேன் அம்பு" என்றார். "அவ சூடா இருக்கா."